பெட்டிக்குள் வெற்றிலை

என் வேலையின் பெயர் சமூகத் தொடர்பு அலுவலர். எங்கள் ஊரில் இதைச் சொன்னால் யாருக்கும் விளங்காது. "அப்டின்னா இன்னா வேல?" என்று அப்பா கேட்டபோது, "மலைமேல ஒரு ரிசார்ட்டு வந்துகீதுப்பா, அங்க குறை கேக்கற வேல" என்றேன். மல்லாட்டைக் கொல்லையில் வேர்க்கடலைச் செடிகளுக்கு நடுவே களை எடுத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "குறை கேக்கறதுக்குச் சம்பளமா? எங்கிட்ட வந்து கேளு, சும்மாவே சொல்றேன்" என்றார்.

போளூரில் ஒரு வக்கீல் ஆபீசில் எட்டு வருஷம் தட்டச்சு செய்தவள் நான். ஆங்கிலம் அடிக்கத் தெரியும், தட்டுத் தடுமாறிப் பேசவும் தெரியும். அதனால்தான் இந்த வேலை கிடைத்தது. கடல் கடந்த ஒரு நாட்டின் முதலீட்டு நிறுவனம் ஜவ்வாது மலையில் அந்த ரிசார்ட்டுக்குப் பணம் போட்டிருந்தது. நம்மூர் முதலாளி பணம் போட்டால் லாபம் வந்ததா என்று மட்டும் கேட்பார். இவர்கள் லாபத்தோடு சேர்த்து இன்னும் நூறு கேள்வி கேட்டார்கள். மரம் வெட்டினீர்களா, ஓடையில் கழிவு கலக்கிறதா, உள்ளூர்க்காரர்களுக்கு வேலை கொடுத்தீர்களா, அவர்களுக்கு ஒரு குறை என்றால் பயமில்லாமல் சொல்ல வழி இருக்கிறதா. இதெல்லாம் தொழில் செய்பவரின் மனித உரிமைப் பொறுப்பு என்று ஒரு தடித்த கொள்கைப் புத்தகமே வைத்திருந்தார்கள். அந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில்தான் நான். நானும் ஒரு தகரப் பெட்டியும்.

பச்சைப் பெயிண்ட் அடித்த பெட்டி. மேலே கடிதம் போடும் வாய், பக்கவாட்டில் பூட்டு. ரிசார்ட்டின் கேட்டுக்கு வெளியே, கேமரா பார்க்காத இடமாகப் பார்த்து மாட்டச் சொல்லியிருந்தார்கள். யார் போட்டார்கள் என்று யாருக்கும் தெரியக் கூடாது என்பது விதி. சாவி என்னிடம் மட்டும். மாதக் கடைசியில் செக்யூரிட்டியைச் சாட்சியாக வைத்துத் திறந்து, எத்தனை புகார் என்று பதிவேட்டில் எழுதி அனுப்ப வேண்டும்.

ரிசார்ட்டிலிருந்து கீழே அரை மணி நேரம் நடந்தால் ஒரு மலைக் குக்கிராமம். சாமையும் கேழ்வரகும் விதைப்பவர்கள். அறுவடை முடிந்ததும் மார்கழி வாக்கில் பாதி ஊர் குடகுப் பக்கம் காப்பித் தோட்டங்களுக்குப் பழம் பறிக்கப் போய்விடும், பங்குனிக்குத்தான் திரும்பும். ரிசார்ட்டு வந்த பிறகு பத்துப் பதினைந்து பேர் போகவில்லை. தோட்டம், சமையலறை, அறை பெருக்குவது, துணி துவைப்பது என்று இங்கேயே வேலைக்குச் சேர்ந்துவிட்டார்கள்.

அவர்களில் என்னிடம் வாய் திறந்து பேசியவள் ஒருத்திதான். லாண்டரியில் துணி துவைத்த நான்கு பெண்களில் ஒருத்தி. முப்பது வயதுக்குள் இருக்கும். புருஷன் வேலைக்கென்று கேரளப் பக்கம் போனவன், வந்தால் வந்தான். வருஷா வருஷம் மகளை மாமியாரிடம் விட்டுவிட்டுக் குடகுக்குப் போய்க்கொண்டிருந்தவள். "போன வருசம் திரும்பி வந்தப்போ எம்பொண்ணு என்னப் பாத்து யாரோன்னு ஓடிப் போச்சுக்கா. இந்த வருசந்தான் எம்பக்கத்துல படுக்குது" என்று ஈரத் துணியைப் பிழிந்துகொண்டே ஒருநாள் சொன்னாள். அந்த வேலை அவளுக்குச் சம்பளம் மட்டுமில்லை, அந்தப் பிள்ளையும்தான் என்று அன்றைக்கே எனக்குப் புரிந்தது.

பெட்டி மாட்டியதும் அதைப் பற்றிச் சொல்ல அவர்கள் ஊருக்குப் போனேன். ஜனங்களை உட்கார வைத்து, பேர் எழுத வேண்டாம், பயப்பட வேண்டாம், போட்டால் போதும் என்று கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்தேன். ஊர்க்கவுண்டர் கேட்டுக்கொண்டே இருந்தார். அந்த ஊரில் வழக்கு வம்பு எல்லாம் தீர்ப்பவர் அவர்தான்.

"எழுதத் தெரியாதவங்க இன்னா பண்றது?" என்றார்.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவள் நான். "எழுதணும்னு இல்லிங்க. உங்க முறை எப்பிடியோ அப்பிடி எதனா ஒண்ணு போடுங்க. பொட்டியத் தெறந்ததும் நானே வந்து இன்னா ஏதுன்னு கேக்கறேன்."

"நெஜமா வருவியாம்மா?"

"வர்றேங்க."

சொல்லிவிட்டு ஜீப் ஏறினேன். ஜமுனாமரத்தூர் வந்து சேர்வதற்குள் மறந்தும் போனேன்.

தை மாதக் கடைசியில் பெட்டியைத் திறந்தபோது கடிதம் எதுவும் இல்லை. காய்ந்து சுருண்ட இரண்டு வெற்றிலையும் ஒரு கொட்டைப் பாக்கும் அடியில் கிடந்தன. எனக்குக் கோபம் வந்தது. செங்கத்திலிருந்து வந்த செக்யூரிட்டி நாள் முழுக்க வெற்றிலை போடுகிறவர். "இன்னாங்க இது, புகார்ப் பொட்டிய வெத்தலப் பொட்டியாக்கிட்டீங்களா?" என்று பிடித்துக்கொண்டேன். "அய்யோ மேடம், நான் எதுக்கு பொட்டில போடறேன், மடியிலதான் வெச்சிருக்கேன்" என்று அவர் வேட்டி மடிப்பை அவிழ்த்துக் காட்டாத குறை. நான் நம்பவில்லை. பதிவேட்டில் புகார்கள் பூஜ்யம் என்று எழுதி அனுப்பினேன்.

மாசியில் மூன்று நான்கு ஜோடி கிடந்தன. அப்போதாவது எனக்கு மூளை வேலை செய்திருக்க வேண்டும். செய்யவில்லை. ஒரு அட்டையில் ஸ்கெட்ச் பேனாவால் 'இது குப்பைத் தொட்டி அல்ல. குப்பை போடாதீர்' என்று கொட்டை எழுத்தில் எழுதிப் பெட்டிக்குக் கீழே கட்டினேன். கையெழுத்து அழகாக வந்ததில் ஒரு திருப்தி வேறு. அந்த மாதமும் பூஜ்யம்.

பங்குனியில் பூட்டைத் திறந்ததும் வெற்றிலை கொட்டியது. அள்ளினால் இரண்டு கை நிறையும். செக்யூரிட்டி மேல் தப்பில்லை என்று அப்போதுதான் புரிந்தது, ஒரு மனுஷன் இவ்வளவு வீணாக்க மாட்டான். குறும்புக்கு எவரோ செய்கிறார்கள் என்று முடிவு கட்டினேன். மூன்றாவது பூஜ்யமும் போனது. வெளிநாட்டிலிருந்து பதில் வந்தது. மூன்று மாதமாக ஒரு புகார்கூட இல்லாத இடம் இது ஒன்றுதான், பாராட்டுகள் என்று எழுதியிருந்தார்கள். மேனேஜர் அதைப் பிரிண்ட் எடுத்து ஆபீசில் ஒட்டினார்.

ஒட்டிய மூன்றாம் நாள் காலையில் கீழே இருந்து ஒருவரும் வேலைக்கு வரவில்லை. ரிசார்ட்டில் எல்லா அறையும் நிரம்பியிருந்த வார இறுதி. விருந்தினர் இட்லிக்கு உட்கார்ந்திருக்கிறார்கள், மாவு கிரைண்டரிலேயே கிடக்கிறது. மேனேஜர் சென்னைக்காரர். யாரோ தூண்டிவிட்டிருக்கிறார்கள், செங்கத்திலிருந்து வேனில் ஆள் இறக்குகிறேன் என்று குதித்தார். போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று நான் கிளம்பினேன். குறை கேட்பதற்கென்று சம்பளம் வாங்குகிறவள் நான்தானே.

ஊருக்குள் நுழைந்தால் ஒருவரும் வாயே திறக்கவில்லை. இதற்கு முன் போனால் சொம்பில் தண்ணீர் கொடுத்து, உட்காரும்மா என்பார்கள். அன்றைக்குப் புளி தட்டிக்கொண்டிருந்த பெண்கள் தலை நிமிரவில்லை. ஊர்க்கவுண்டர் என்னைப் பார்த்ததும் எழுந்து உள்ளே போய்விட்டார். நடுத் தெருவில் நின்றேன். லாண்டரிப் பெண்தான் கடைசியில் தன் வீட்டிலிருந்து வந்தாள்.

"யாரும் பேச மாட்டாங்கக்கா. நானும் பேசக் கூடாது. நீங்க வெயில்ல நிக்கறீங்கன்னுதான் வந்தேன்."

"ஏன், நான் இன்னா பண்ணேன்?"

"மூணு மாசம் வெத்தல வெச்சோமே. நீங்க எடுக்கல."

நான் அசட்டுத்தனமாகப் பார்த்துக்கொண்டு நிற்க, அவளே சொன்னாள். அந்த ஊரில் பிராது கொடுப்பது அப்படித்தான். மனக்குறை உள்ளவர் ஊர்க்கவுண்டர் வாசலில் இரண்டு வெற்றிலையும் ஒரு பாக்கும் வைத்துவிட்டுப் பேசாமல் போய்விடுவார். என்ன குறை, யார் மேல் குறை என்று அப்போது சொல்ல வேண்டியதில்லை. கவுண்டர் வெற்றிலையைக் கையில் எடுத்துவிட்டால் கேட்கச் சம்மதித்தார் என்று அர்த்தம், ஊர் கூடும். எடுக்காவிட்டால் இன்னொரு தரம் வைப்பார்கள். குறை பொதுவானது என்றால் மற்றவர்களும் சேர்ந்து வைப்பார்கள். மூன்றாம் தரமும் எடுக்கவில்லை என்றால் அந்த வாசலை மிதிப்பதில்லை, அந்த மனுஷரோடு பேச்சில்லை.

எங்கள் ஊரிலும் வெற்றிலை பாக்கு வைத்துத்தான் கல்யாணத்துக்கு அழைக்கிறோம். தட்டில் வெற்றிலையைப் பார்த்தால் சும்மா வைக்கவில்லை என்று எனக்குத் தெரியும். அதுவே தகரப் பெட்டிக்குள் கிடந்தபோது குப்பையாகத் தெரிந்திருக்கிறது.

"உங்க முறைப்படி போடுங்கன்னு நீங்கதானக்கா சொன்னீங்க. மொத வெத்தல நான்தான் வெச்சேன். அப்புறம் அட்ட கட்டினீங்க. அதுல இன்னா எழுதிகீதுன்னு இஸ்கூல் போற புள்ளங்களப் படிக்கச் சொன்னோம். குப்பன்னு படிச்சாங்க. எங்க பிராது குப்பயாக்கா?"

வெட்கத்தில் எனக்கு முகம் எரிந்தது. "இன்னா பிராது?" என்று மட்டும் கேட்டேன், மூன்று மாதம் கழித்து.

ஓடைக்குக் கூட்டிப் போனாள். அவர்கள் குடிப்பதும் சமைப்பதும் அந்தத் தண்ணீரில்தான். கோடை வந்துவிட்டதால் ஓட்டம் நின்று குட்டை குட்டையாகத் தேங்கியிருந்தது. ஓரத்தில் வெள்ளை நுரை ஒட்டிக் காய்ந்திருந்தது. குனிந்தால் பிளீச்சிங் பவுடர் வாடை. குழந்தைகளுக்குக் காலில் புண், ஆடு தண்ணீரை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் போகிறது என்றாள். எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். "நான் துவைக்கற தண்ணிதான்" என்றாள்.

லாண்டரித் தண்ணீரைச் சுத்தம் செய்யும் தொட்டி ரிசார்ட்டில் இருந்தது. வரைபடத்திலும் இருந்தது, முதலீட்டுக்காரர்களுக்கு அனுப்பிய போட்டோவிலும் இருந்தது. மழைக்காலத்தில் அதன் மோட்டார் எரிந்து போனது. சரி செய்யும்வரை என்று சொல்லி மேனேஜர் ஒரு குழாயைப் போட்டு உண்ணிச் செடிப் புதருக்குள் ஓடைப் பக்கம் திருப்பிவிட்டிருந்தார். அதைத் தெரிந்தவர்கள் துவைக்கும் நான்கு பெண்களும்தான். மேலே நின்று சோப்பு நுரையை விடுகிறவளும் அவளே, கீழே வந்து அதைக் குடத்தில் மொள்ளுகிறவளும் அவளே. சொன்னால் வேலை போகும் என்று அவளுக்குத் தெரியும். பேர் வெளியே வராது என்று நான் சொன்னதை நம்பித்தான் வெற்றிலை வைத்திருக்கிறாள்.

மேலே வந்து மேனேஜரிடம் சொன்னேன். அவர் முதலில் சிரித்தார். "மேடம், வெத்தலைய புகார்னு எழுதினா அவங்க நம்மள பைத்தியம்னு நினைப்பாங்க. ஊர்த் திருவிழா, எல்லாரும் லீவுன்னு எழுதுங்க. மோட்டார நான் அடுத்த மாசம் பாத்துக்கறேன்." முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது அவருக்குக் கைவந்த கலை.

அன்றைக்கே உட்கார்ந்து வெளிநாட்டுக்கு எழுதினேன். மூன்று மாத அறிக்கையும் தவறு, புகார்கள் இருந்தன, படிக்கத் தெரியாதவள் நான்தான் என்று எழுதினேன். குழாயின் போட்டோவை இணைத்தேன். இதைத் தைரியம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அந்த அட்டையை என் கையால் எழுதியிருந்தேன், அது என்னைச் சும்மா விடவில்லை. வேலை போய்விடும் என்று பயமாகத்தான் இருந்தது.

என் வேலை போகவில்லை. சித்திரையில் அங்கிருந்து ஒரு அம்மாள் நேரிலேயே வந்தார். நெட்டையான, பொறுமையான மனுஷி. வழியெல்லாம் வெற்றிலை முறையைப் பற்றி என்னிடம் கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டார். ஊர் கூடியிருந்தது. ஊர்க்கவுண்டர் ஒரு தட்டில் புது வெற்றிலை வைத்திருந்தார். அந்த அம்மாள் செருப்பைக் கழற்றிவிட்டுப் போய் இரண்டு கையாலும் அதை எடுத்தார். கூட்டம் மொத்தமும் பெருமூச்சு விட்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைக்கவில்லை.

சிக்கல் அதற்குப் பிறகுதான். வெற்றிலையை எடுத்துவிட்டால், முதலில் வைத்தவர் எழுந்து சபையில் சொல்லியாக வேண்டும். அது அவர்கள் முறை. புகார் கொடுத்தவர் யார் என்று வெளியே தெரியவே கூடாது. அது எங்கள் கொள்கை. மேனேஜர் பக்கத்திலேயே கைகட்டி நின்றுகொண்டிருந்தார். பெயர் வேண்டாமே, பொதுவாகச் சொல்லலாமே என்று அந்த அம்மாள் சொன்னதை நான் தமிழில் சொன்னேன்.

"பேரில்லாத பிராதுக்குத் தீர்ப்பு எப்பிடி சொல்றது?" என்றார் ஊர்க்கவுண்டர்.

முதல் வெற்றிலை வைத்த லாண்டரிப் பெண் எழுந்தாள். முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு, குழாய், மோட்டார், பவுடர், புண் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். மேனேஜர் முகத்தை ஒரு தரம்கூடப் பார்க்கவில்லை. நான் வாக்கியம் வாக்கியமாக ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே வந்தேன்.

அந்த அம்மாள் நல்லவர். அதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. ஒரு வாரத்தில் குழாய் பிடுங்கப்பட்டது. குடிதண்ணீர் லாரியில் வந்தது, குழந்தைகளுக்கு டாக்டர் வந்தார். துவைக்கிற நான்கு பேர் தவிர மற்றவர்கள் வேலைக்குத் திரும்பினார்கள். வைகாசியில் அவர்கள் அனுப்பிய நிபுணரின் அறிக்கை வந்தது. மலை மேல் துணி துவைப்பதே ஓடைக்கு ஆபத்து, மோட்டார் மறுபடி எரியலாம், ஆகவே லாண்டரியை மூடிவிட்டுத் துணியைப் போளூருக்கு அனுப்பி இயந்திரத்தில் வெளுத்துக்கொண்டு வருவதே நிரந்தரத் தீர்வு. மூட்டைப் பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதை.

துவைத்த நான்கு பேருக்கும் வேறு வேலை கொடுக்க வேண்டும் என்று அதிலேயே இருந்தது, 'காலியிடம் இருக்கும் பட்சத்தில்' என்ற ஒட்டோடு. மூன்று பேருக்குத் தோட்டத்திலும் சமையலறையிலும் இடம் இருந்தது. சபையில் பேசியவளுக்கு மட்டும் இல்லை என்றார் மேனேஜர். புகார் கொடுத்தவரைப் பழிவாங்கக் கூடாது என்று கொள்கைப் புத்தகத்தில் இருக்கும் பக்கத்தைத் திறந்து அவர் மேஜையில் வைத்தேன். "பழிவாங்கலா? வேகன்சி இல்ல மேடம். வந்தா முதல் ஆளா கூப்பிடறேன்" என்றார். வெளிநாட்டுக்கும் எழுதினேன். காலியிடம் உண்டானால் முன்னுரிமை தரும்படி அறிவுறுத்தியிருக்கிறோம் என்று பதில் வந்தது. அவரும் சரி, அவர்களும் சரி, ஒரு எழுத்துகூட விதியை மீறவில்லை.

ஆடிக் கடைசியில் மழை பிடித்தது. ஓடை கழுவிவிட்டாற்போல் ஆனது. அவள் கூலி வேலைக்குப் போனாள், சாமை அறுத்தாள். ரிசார்ட்டிலிருந்து அழைப்பு வரவில்லை. தோட்டத்தில் ஒருவர் வேலையை விட்டு நின்றபோது அந்த இடத்துக்குச் செங்கத்திலிருந்து ஆள் வந்தது எனக்கு ஒரு வாரம் கழித்துத்தான் தெரிந்தது. அதற்கும் எழுதினேன். பரிசீலிக்கிறோம் என்றார்கள்.

மார்கழியில் ஒரு படிவம் வந்தது. தீர்க்கப்பட்ட ஒவ்வொரு புகாருக்கும், புகார் செய்தவரை நேரில் பார்த்து நிரப்பி அனுப்ப வேண்டும். ஓடைத் தண்ணீரின் சோதனை முடிவு, புண் ஆறிய விவரம் எல்லாம் நிரப்பிவிட்டேன். மீதி இருந்தது ஒரு கேள்வி: தீர்வில் புகார்தாரருக்குத் திருப்தியா? ஆம் அல்லது இல்லை.

நான் போனபோது அவள் ரிசார்ட்டுக்கு எதிரே ரோட்டோரம் பஸ்ஸுக்காக நின்றிருந்தாள். குடகுக்குப் போகும் ஏழெட்டுப் பேர், சாக்கில் கட்டிய பாத்திரம், போர்வை மூட்டை. மாமியார் பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிள்ளை அழவில்லை, அம்மாவின் மூட்டை மேல் ஒரு காலைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தது. மூட்டையை எடுக்க வேண்டுமென்றால் அந்தக் காலை இறக்க வேண்டும். அவள் இறக்காமலே நின்றாள்.

இந்த நேரத்தில் படிவத்தை எடுக்கலாமா என்று கூசியது. இருந்தாலும் எடுத்தேன். கேள்வியைப் படித்துக் காட்டினேன். "இல்லன்னு சொல்லும்மா. வேல போனத நான் பக்கம் பக்கமா எழுதறேன். அந்த அம்மா பாத்தா கட்டாயம் திரும்ப வருவாங்க" என்றேன்.

அவள் ரிசார்ட்டுப் பக்கம் பார்த்தாள். தோட்டத்தில் அவளோடு துவைத்த பெண்கள் இரண்டு பேர் இலை கூட்டிக்கொண்டிருந்தது வேலிக்கு இந்தப் பக்கமிருந்தே தெரிந்தது.

"வேணாங்கா. ஆமான்னே எழுதிக்கங்க. அந்தம்மா நல்லவங்கதான். ஆனா திரும்ப வந்தாங்கன்னா இன்னும் எதனா ஒண்ண மூடிட்டுப் போவாங்க. அவளுங்களுக்காச்சும் வேல இருக்கட்டும்."

பஸ் திருப்பத்தில் ஹாரன் அடித்தது. அவள் குனிந்து மகளின் காலை மெதுவாக எடுத்துத் தரையில் வைத்துவிட்டு மூட்டையைத் தூக்கினாள். நான் ஆம் என்ற கட்டத்தில் டிக் அடித்தேன்.